நாலாவது பாட்டு, வலது பக்கம்

நாடாவை வேக வைக்க வேண்டியிருந்தது.
ஐம்பத்து நாலு டிகிரி, எட்டு மணி நேரம்.
இல்லையென்றால் சுற்றும்போதே ஒட்டி உரிந்துவிடும்
இத்தனை வருடம் ஈரம் குடித்த அந்தப் பழுப்புத் தோல்.
மண்டபத்தில் அந்தச் சூடு பிசகாமல் நிற்பது
மகளிர் குழுவின் கருவாட்டு உலர்த்தியில் மட்டும்.
நெத்திலியை இறக்கிவிட்டு
ஒரு தட்டு எனக்கு ஒதுக்கினார்கள்.
வாடகை இருநூறு. வாடை இலவசம்.

எழுபத்தாறில் கொட்டாஞ்சேனையில் பதிந்தது.
ஒரே அறை, இரண்டு இரவு, எட்டுப் பாட்டு,
வெளியே விடாத மழை.
தலைமன்னார்க் கப்பலில் முன்னூறு தட்டு வந்திறங்கி
சுங்கத்தில் பாதி போக, வெயிலில் வளைந்தது மீதி.
'மூணாம் மணல்திட்டு' என்று அட்டையில் இருக்கும்.
பாடியவர்: இஞ்ஞாசி.
வேறு ஒரு பெயரும் கிடையாது.

சோல் இசை என்றேன் கீழ்க்கடை ஜெராக்ஸ்காரரிடம்.
செருப்புக்கு அடியில் இருக்குமே அதுவா என்றார்.
ஒரு வகையில் அதுதான் என்றேன்.

பிரான்சிலிருந்து ஒருவர் பணம் அனுப்பியிருந்தார்,
குறுந்தகடாக ஐந்நூறு வேண்டுமாம்.
சென்னையில் அச்சடிக்கிறவர் போனில் சொன்னது ஒன்றுதான்:
"சத்தமா இருக்கட்டும் சார், கார்ல கேக்குற மாதிரி."

எல்லாவற்றையும் மேலே தூக்கிவிட்டால்
எது உயரம்?
அலையே இல்லாத கடல்
கப்பல் கட்டுகிறவனுக்கு வசதி.
நான் தூக்கவில்லை.

நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக
ஒரு குரலை நறுக்கி அடுக்கினேன்.
இரைச்சலைத் துடைத்தேன், கொஞ்சம்தான்.
அழுத்தித் துடைத்தால்
சிம்பல் சோப்பு நுரையாகிவிடும்.

நாலாவது பாட்டில் அவர் உச்சிக்கு ஏறும் இடம்
இரண்டு குரலாகக் கேட்கும்.
ஒரே தொண்டையை இரண்டு முறை பதித்திருக்கிறார்கள் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
விளையாட்டாக, இடதிலிருந்து வலதைக் கழித்துப் பார்த்தேன்.
நடுவில் நின்ற இஞ்ஞாசி மறைந்துபோனார்.
மறையாமல் ஒருத்தி நின்றாள்
வலது ஓரத்தில், மைக்குக்குத் தள்ளி,
வேறொரு இடத்தில் மூச்செடுத்துக்கொண்டு.
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

பாம்பன் தெற்குவாடியில்
ஐஸ் கம்பெனிக் கணக்கை மூடி வைத்துவிட்டு
இஞ்ஞாசியம்மாள் ஹெட்போனை வாங்கினார்,
ஒரு காதுக்கு மட்டும்.
ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார்:
"மாட்டிக்கிட்டாளா!"

புத்தளத்தில் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு
இவரோடு கப்பலேறிய கீழக்கரைக்காரி.
"அந்த உச்சி எனக்கு எட்டல.
அவளுக்கு அது கை நீட்டுனா பறிக்கிற தூரம்.
அட்டைல பேரு வந்தா செத்தேன்னா. விட்டுட்டோம்."

இப்போது ஒரு வரி சேர்க்கலாமே என்றேன்,
அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருக்கிறது.
கேட்டுட்டுச் சொல்றேன் என்று
சனிக்கிழமை பஸ் ஏறினார்,
ராமநாதபுரத்தில் இறங்கி, மாறி, கீழக்கரைக்கு.

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது.
அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு
எட்டுப் பாட்டையும் கேட்டாளாம்.
நாலாவதை மூன்று முறை.
புளிக்குழம்பு அடிப்பிடித்துவிட்டது.
அதற்கப்புறம் சொன்னது இவ்வளவுதான்:
"பேரு வேணாம். சத்தத்தக் கூட்டச் சொல்லு."

ஓரத்தை மட்டும் ஒன்றரை டெசிபல் ஏற்றினேன்.
அவளோடு சேர்ந்து ஏறி வந்தன
ஒரு ட்ரம்பெட், கொட்டாஞ்சேனை மழை,
யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை.
பிரிக்க வரவில்லை.
போகட்டும், துணைக்கு வந்தவை.

பாடியவர்: இஞ்ஞாசி என்றே அச்சாகியிருக்கிறது.
அந்தப் பெயர் எனக்குத் தெரியும், இங்கேயும் எழுதவில்லை.
காரில் கேட்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்:
நாலாவது பாட்டில், மூன்றாம் நிமிடம்,
வலது பக்கக் கதவு லேசாக அதிரும்.
மெக்கானிக்கிடம் போக வேண்டாம்.